கரைச்சல்னு ஒரு வார்த்தை

இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இலங்கையிலேருந்து படகுல வந்து பிரான்ஸ்கிட்ட அடைக்கலம் கேட்ட ஒரு தம்பி சொன்னதை நான் பிரெஞ்சுல தப்பா எழுதின கதை இது. அவருக்கு போன வாரம் போன் பண்ணி கேட்டேன், "எழுதுங்கோ அக்கா, பேரை மட்டும் போடாதேங்கோ"ன்னு சொல்லிட்டார், அதனால எழுதறேன். அவரோட ஊர், வயசு, வீட்டு விவரம் எல்லாத்தையும் மாத்திட்டேன். மாத்தாம விட்டது அவர் வாயில வந்த வார்த்தைங்களை மட்டும்தான், ஏன்னா இந்த விஷயமே அந்த வார்த்தைங்களைப் பத்தினதுதான்.

நான் காரைக்கால்காரி. தாத்தா சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவர், அதனால வீட்ல பிரெஞ்சும் தமிழும் கலந்தேதான் வளர்ந்தோம். கல்யாணம் ஆகி ரீயூனியன் தீவுக்கு வந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆகுது, இந்தியப் பெருங்கடல்ல இருந்தாலும் இது பிரான்ஸோட ஒரு பகுதி, அதோட தலைநகர் சேன் தெனில இருக்கேன். வீட்டுக்காரர் மல்பார், அதாவது கரும்புத் தோட்டத்துல வேலை செய்ய ஒப்பந்தம் போட்டு கப்பல்ல கூட்டிட்டு வந்த தமிழ் ஆளுங்க வம்சம். இங்க தமிழ் பேர் இருக்கு, காளி கோயில் இருக்கு, தீமிதி இருக்கு, தைப்பூசக் காவடி நம்ம ஊர்லகூட இவ்வளவு பக்தியோட எடுக்கறாங்களான்னு தெரியல, ஆனா பேச்சு மட்டும் போயிடுச்சு, எல்லாரும் கிரியோல்தான் பேசறாங்க. வீட்டுக்காரருக்கு சாமி பேர் தெரியும், சாப்பாட்டுப் பேர் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். அவங்க குடும்பப் பேரே அந்தக் காலத்து பிரெஞ்சு கிளார்க் ஒருத்தர் காதுல விழுந்த மாதிரி எழுதி வெச்சதுதான், முத்துசாமிங்கறது மூத்துசாமி ஆன மாதிரி இதுவும் ஒண்ணு, நூத்தம்பது வருஷம் ஆகியும் அந்த எழுத்துப்பிழையைத்தான் எங்க பசங்க ஸ்கூல்ல கையெழுத்தா போடறாங்க. இதை ஏன் சொல்றேன்னா, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் தப்பா எழுதினா அது எவ்வளவு நாளைக்கு நிக்கும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, அது எங்க வீட்டு லெட்டர் பாக்ஸ்லயே ஒட்டியிருக்கு. அப்படி இருந்தும் நானே அந்தத் தப்பைப் பண்ணினேன்.

2018 மார்ச்ல இலங்கையிலேருந்து ஒரு மீன்பிடி படகு வந்துச்சு, ஆறு பேர். நாலாயிரம் கிலோமீட்டர் கடல், அவ்வளவு தூரம் மீன் படகுல எப்படி வந்தாங்கன்னு தீவே வாயைப் பொளந்து பார்த்துச்சு. அப்புறம் இன்னும் சில படகு. டிசம்பர் நடுவுல வந்ததுல அறுபது பேருக்கும் மேல, பொம்பளைங்க குழந்தைங்க எல்லாம் இருந்தாங்க. அடுத்த ஏப்ரல்ல வந்ததுல நூத்தி இருபது பேர் பக்கம்.

அந்த டிசம்பரை இங்க இருந்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடி மாசம்தான் விலைவாசியை எதிர்த்து பிரான்ஸ் பூரா நடந்த மஞ்சச் சட்டை போராட்டம், ரோடு பூரா மறியல், ராத்திரி ஊரடங்கு, கடையில அரிசி இல்ல. இங்க கிட்டத்தட்ட நாலு பேருக்கு ஒருத்தருக்கு வேலை கிடையாது, அந்தக் கோவம் எல்லாம் தெருவுக்கு வந்து அடங்கி ரெண்டு வாரம்கூட ஆகல, அப்பதான் படகு. நமக்கே சோறு இல்ல இவங்க வேறயான்னு ரேடியோல ஜனங்க போன் பண்ணி பேசினாங்க. அதே ஜனங்கதான் மூட்டை மூட்டையா துணி கொண்டாந்து குடுத்தாங்க, அதையும் சொல்லணும். என் மாமியார் ஒரு கூடை லெச்சி, அதான் லிச்சிப் பழம், வாங்கி அனுப்பினாங்க, சீசன் அது, அதை ஒரு பையன் கையில வெச்சு உருட்டிப் பார்த்துட்டு "ரம்புட்டான் மாதிரி கிடக்கு, மயிர் மட்டும் இல்லை"ன்னு சொன்னதும் சுத்தி இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க, படகுலேருந்து இறங்கினதுக்கப்புறம் அவங்க சிரிச்சு நான் பார்த்தது அப்பதான்.

அங்க இலங்கையில என்ன நடந்துக்கிட்டிருந்துச்சுன்னு கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கங்க. 2018 அக்டோபர் 26 அன்னிக்கு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமரா இருந்த ரணிலைத் தூக்கிட்டு, 2009 போர் நடந்தப்ப ஜனாதிபதியா இருந்த மஹிந்த ராஜபக்சவை பிரதமர் ஆக்கினார். அம்பது நாள் குழப்பம், டிசம்பர் 15 மஹிந்த ராஜினாமா பண்ணினார். அந்த அம்பது நாள்ல, கடைசிப் போர் நடந்த வன்னியில என்ன பயம் இருந்திருக்கும்னு பாரிஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்குப் புரிய வைக்கறது கஷ்டம். "அவங்கள் திரும்பி வந்திட்டாங்கள் எண்டு தெரிஞ்ச அண்டைக்கே அம்மா போடா எண்டு சொல்லிட்டா", தம்பி இப்படித்தான் சொன்னார். படகுல வந்தவங்க எல்லாரும் இப்படின்னு நான் சொல்ல வரல. கடன் தாங்காம வந்தவங்களும் இருந்தாங்க, சிங்களவங்களும் இருந்தாங்க. யார் எதுக்கு வந்தாங்கன்னு பிரிச்சுப் பார்க்கத்தான் சட்டம், அதுல எனக்குச் சண்டை இல்ல. எப்படிப் பிரிக்கறாங்கங்கறதுலதான்.

இறங்கின உடனே காத்திருப்பு வளையம்னு ஒண்ணுல வெச்சிடுவாங்க, அதாவது நீ பிரான்ஸ் மண்ல நிக்கற, ஆனா சட்டப்படி இன்னும் உள்ள வரல. ஏர்போர்ட்ல இடம் பத்தாம பக்கத்துல ஒரு ஹோட்டலையே அப்படி ஆக்கினாங்க, வாசல்ல போலீஸ். முதல் நாலு நாள் போலீஸே வெச்சுக்கலாம். அதுக்கு மேலன்னா ஜட்ஜ்கிட்ட கொண்டு போகணும், அவர் எட்டு நாள் குடுப்பார், அப்புறம் இன்னொரு எட்டு, கடைசி நேரத்துல அடைக்கலம் கேட்டா இன்னும் ஆறு, மொத்தம் இருபத்தாறு நாள்.

ஷான் ஃப்ளேரி கோர்ட்டுக்கு என்னை இன்டர்ப்ரெட்டரா கூப்பிட்டது அந்த ஜட்ஜ் முன்னாடி நிக்கத்தான். கையைத் தூக்கி சத்தியம் பண்ணிட்டு நின்னேன், மானத்துக்கும் மனசாட்சிக்கும் கட்டுப்பட்டு நீதிக்கு உதவி செய்வேன்னு. முதல் ஆளா ஒரு பெரியவர், அம்பது வயசு இருக்கும், யாரோ குடுத்த டீஷர்ட், காலெல்லாம் உப்புத்தண்ணியில ஊறி வெடிச்சிருந்துச்சு, செருப்பு போட முடியல. ஜட்ஜ் பேரைக் கேட்டதுதான் தாமதம், அவர் ஆரம்பிச்சிட்டார், முள்ளிவாய்க்கால், மகள், எல்லாம். ஜட்ஜ் கையைக் காட்டி நிறுத்தினார். அதுக்கெல்லாம் நான் ஜட்ஜ் இல்ல, உங்களை இங்க வெச்சிருக்கறது முறைப்படி நடந்துச்சா, உங்க உரிமையை உங்க பாஷையில சொன்னாங்களா, அதை மட்டும்தான் நான் பார்க்கணும்னார். மரியாதையாத்தான் சொன்னார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அதை நான் தமிழ்ல சொன்னப்ப பெரியவர் என்னைப் பார்த்தார், ஜட்ஜை இல்ல, என்னைப் பார்த்தார், நான்தான் அவர் வாயை அடைச்ச மாதிரி. "அப்ப ஆரிட்டைச் சொல்லுறது பிள்ளை?"

ஆரிட்டைச் சொல்றதுன்னா, ஓஃப்ப்ராகிட்ட. பிரான்ஸ்ல அடைக்கலம் குடுக்கறதா இல்லையான்னு பார்க்கற ஆஃபீஸ் அது, 1952-லேருந்து இருக்கு. அவங்க இங்க கிடையாது, பாரிஸ்ல இருந்து போன்லயோ வீடியோலயோதான் பேசுவாங்க. எல்லையில வெச்சு நடக்கற அந்த முதல் பேச்சுல அகதியா இல்லையான்னு முடிவு பண்றது இல்ல, இவர் கேக்கறது பார்த்த உடனேயே ஆதாரம் இல்லாததுன்னு சொல்ற மாதிரி இருக்கா இல்லையாங்கறது மட்டும்தான். கேக்க சின்னதாத் தெரியும். ஆனா அதுல இல்லைன்னு வந்துட்டா நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போகணும், பாஷை தெரியாத ஆள், போலீஸ் காவல்ல, இருக்கற நாலஞ்சு லாயருங்கள்ல யாரையாவது பிடிச்சு. அதைத் தவறவிட்டா சார்ட்டர் விமானம், நேரா கொழும்பு பக்கத்து கட்டுநாயக்க ஏர்போர்ட். அங்க இறங்கினவங்களை சிஐடி விசாரிக்கும், சட்டவிரோதமா நாட்டை விட்டுப் போனதே அந்த ஊர்ல குற்றம். அந்த மாதிரி இங்கேருந்து விமானம் விமானமா அனுப்பினாங்க. 2019 ஏப்ரல்ல வந்த படகு ஆளுங்க இன்னும் இந்த வளையத்துல இருக்கும்போதே 21-ஆம் தேதி இலங்கையில ஈஸ்டர் குண்டுவெடிப்பு, ஊர்ல அவசரநிலை, ராணுவம் திரும்ப ரோட்டுக்கு வந்துச்சு, ஹோட்டல் டிவில அதைப் பார்த்துக்கிட்டே தன் நம்பர் எப்ப வரும்னு உக்காந்திருந்தவங்களோட நிலைமையை நினைச்சுப் பாருங்க.

தம்பி டிசம்பர் படகு. முதல் பேச்சுல தேறிட்டார். கையில எட்டு நாளுக்கு ஒரு பேப்பர் குடுத்து வெளிய விட்டாங்க, ப்ரெஃபெக்சர்ங்கற அரசு நிர்வாக ஆஃபீஸ்ல பதிஞ்சு ஓஃப்ப்ரா ஃபார்ம் வாங்கினார். இங்கதான் நான் வர்றேன்.

அந்த ஃபார்ம்ல ஒருத்தர் ஏன் தன் நாட்டை விட்டு வந்தார்னு கதையா எழுதணும், பிரெஞ்சுல எழுதணும், இருபத்தோரு நாளைக்குள்ள போஸ்ட் பண்ணணும். தமிழ்ல எழுதிக் குடுத்தா எடுத்துக்க மாட்டாங்க. யார் பிரெஞ்சுல எழுதித் தருவாங்கன்னு சட்டம் சொல்லல. ஒரு இடத்துல, எந்த இடம்னு சொல்ல வேணாம், மேசை ரெண்டு, லாப்டாப் ஒண்ணு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, நானும் இன்னும் ரெண்டு பேரும் உக்காந்து எழுதினோம். யாருக்கும் இதுல பயிற்சி கிடையாது. நான் ஸ்கூல்ல டீச்சர், வார கடைசியில கோயில் வகுப்புல அ ஆ சொல்லிக்குடுக்கறவ. பத்து நாள்ல அஞ்சு பேரோட வாழ்க்கையை டைப் அடிச்சேன்.

தம்பி எதிர்ல உக்காந்து, தொப்பியைக் கையில வெச்சு அதோட நூலைப் பிரிச்சுக்கிட்டே பேசினார். நிமிர்ந்தே பார்க்கல. அண்ணன் இயக்கத்துல, அதாவது விடுதலைப் புலிகள்ல இருந்தவர், 2009-க்கு அப்புறம் தகவல் இல்ல. வீட்டுக்கு ஆளுங்க வந்து வந்து கேக்கறாங்க. "ஒரே கரைச்சல் அக்கா. பேந்து ஒருநாள் கொண்டு போய் ரெண்டு நாள் வச்சு விசாரிச்சவங்கள். அதுக்குப் பிறகு நான் வீட்டில நிக்கேல்லை."

இதை நான் பிரெஞ்சுல என்ன எழுதினேன்னு அப்படியே சொல்றேன். ராணுவத்தினர் எனக்கு ‘ஆன்னுயி’ குடுத்தாங்க. ஒரு நாள் என்னை அழைச்சிட்டுப் போய் ரெண்டு நாள் கேள்விகள் கேட்டாங்க. அதுக்கப்புறம் வீட்டில் தங்கவில்லை.

ஆன்னுயின்னா என்ன தெரியுமா? சலிப்புக்கும் அதே வார்த்தைதான். சின்ன தொந்தரவு, கார் நடு ரோட்ல மக்கர் பண்ணினாக்கூட எனக்கு ஒரு ஆன்னுயின்னுதான் சொல்வாங்க. கரைச்சல்ங்கற வார்த்தையை நான் காரைக்கால்ல கேட்டதே இல்ல. தெரியலைன்னா கேட்டிருப்பேன். நான் தெரியும்னு நினைச்சேன், அதுதான் வினை. தமிழ்தானே, தொந்தரவுன்னு புரிஞ்சுது, எழுதிட்டேன். அப்புறம் விசாரிச்சவங்கள். எங்க ஊர்ல ஒருத்தர் "உங்களை ரொம்ப விசாரிச்சாங்க"ன்னு சொன்னா நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்கன்னு அர்த்தம். வன்னியில ஆமி விசாரிச்சதுன்னு ஒருத்தன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு அங்க இருக்கற சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியல. எப்படி விசாரிச்சாங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கணும். மணி ஏழரை, வீட்ல பசங்க தனியா இருக்காங்க, வெளிய இன்னும் ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார். கேக்கல.

அவரும் சொல்லல. பின்னாடி ஒருநாள் ஏன் தம்பி அன்னிக்கே சொல்லலன்னு கேட்டதுக்கு, "அக்காட்டை எப்பிடிச் சொல்லுறது"ன்னார். ஒரு பொம்பளைகிட்ட, முதல் தடவை பார்க்கறவகிட்ட, தன்னை உடுப்பு இல்லாம நிக்க வெச்சதை ஒரு இளவட்டப் பையன் எப்படி சொல்லுவான். இதையும் நான் யோசிக்கல.

இன்னும் எத்தனையோ இருக்கு. நாலாம் மாடின்னு ஒருத்தர் சொன்னார், கொழும்புல சிஐடி ஆஃபீஸ், அந்த ரெண்டு வார்த்தையைக் கேட்டாலே தமிழாளுங்களுக்கு அடிவயிறு கலங்கும், அதை ஒரு வாலன்டியர் நாலாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு அப்படியே எழுதியிருந்தார், லிஃப்ட்ல போன மாதிரி. ஆளைக் கடத்திட்டுப் போற வெள்ளை வான்ங்கறது வெறும் வெள்ளைக் கலர் வண்டி ஆயிடுச்சு. தேதி கேட்டா நல்லூர் கொடியேறின கிழமைம்பாங்க, மாவீரர் நாளுக்கு ரெண்டு நாள் முன்னம்பாங்க, அது எந்த வருஷம்னா விரல் விட்டு எண்ணுவாங்க. ஃபார்ம்ல நாள், மாசம், வருஷம்னு கட்டம் போட்டிருக்கு. தப்பா ஒரு நம்பர் எழுதினா அது எழுதினதுதான், ரெண்டு வருஷம் கழிச்சு அதைக் காட்டி அன்னிக்கு அப்படி சொன்னீங்க இன்னிக்கு இப்படி சொல்றீங்கம்பாங்க.

தம்பிக்கு அதேதான் நடந்துச்சு. 2019 கடைசியில ஓஃப்ப்ரா இன்டர்வியூ, வீடியோல. இந்தத் தடவை அவங்க வெச்ச இன்டர்ப்ரெட்டர் இலங்கைத் தமிழர், பாரிஸ்ல இருக்கறவர். கரைச்சல்னா என்னன்னு அவருக்குத் தெரியும், ஆபீசரும் பொறுமையாத்தான் கேட்டிருக்கார். தம்பி முதல் தடவையா முழுசா சொல்லியிருக்கார். எஸ்லோன் பைப்பால அடிச்சது, தலைகீழா கட்டினது, ரெண்டு நாள் இல்ல, ரெண்டு நாள் ஒரு இடம், அப்புறம் வேற இடத்துல பதினோரு நாள். அப்ப ஆபீசர் கேட்டிருக்கார், நீங்க எழுதிக் குடுத்ததுல தொந்தரவு குடுத்தாங்க, கேள்வி கேட்டாங்கன்னுதானே இருக்கு, அடிச்சதா ஒரு வரிகூட இல்லையே, ஏன்? தம்பிக்கு அந்தக் கேள்வியே புரியல. "நான் சொன்னனான், அக்காட்டைச் சொன்னனான்"ன்னு சொல்லியிருக்கார்.

நிராகரிப்பு லெட்டரோட இன்டர்வியூல பேசின எல்லாத்தையும் டைப் பண்ணி சேர்த்து அனுப்புவாங்க, அதனாலதான் எனக்கு இது தெரியும். தம்பி அதைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தார், என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லச் சொல்லி. கிச்சன் மேசையில உக்காந்து நான் பிரெஞ்சுல படிச்சு தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன். போகப்போக விவரம் கூடிக்கிட்டே போகுது, எழுத்துல இல்லாதது பேச்சுல வருது, அதனால நம்பற மாதிரி இல்லன்னு அர்த்தம் வர்ற வரியில வந்து நின்னுட்டேன். அந்த ‘எழுத்து’ என்னோடது. அவர் எழுதினது இல்ல. அவருக்கு அதுல இருந்த ஒரு வார்த்தைகூடத் தெரியாது, கீழ கையெழுத்து மட்டும்தான் அவரோடது.

அன்னிக்கு ராத்திரி பாரிஸ்ல லா ஷப்பேல் பக்கம் இருக்கற எனக்குத் தெரிஞ்ச யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தருக்குப் போன் போட்டு கேட்டேன், கரைச்சல்னா என்னம்மா? அவங்க சிரிச்சுட்டே, "பக்கத்து வீட்டுக் கோழி வந்து கொத்தினாலும் கரைச்சல்தான், ஆமிக்காரன் வந்தாலும் கரைச்சல்தான் பிள்ளை"ன்னாங்க. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "ஆமியெண்டால் அது வேற"ன்னாங்க. ஆர் சொல்றது, எதுக்குச் சொல்றதுன்னு பார்த்துத்தான் விளங்கணும்னாங்க. ஒரு வருஷம் முன்னாடி அந்தப் போனைப் போட்டிருக்கலாம். அஞ்சு நிமிஷப் பேச்சு.

லாயர்கிட்ட போய் சொன்னேன். அவங்க என்னைத் திட்டல. எழுதிக் குடுங்கன்னாங்க. நான், இன்ன பேர், இன்ன வேலை, இந்தத் தேதியில இவர் சொன்னதை நான்தான் பிரெஞ்சுல எழுதினேன், இந்த ரெண்டு வார்த்தையை நான் தப்பா மொழிபெயர்த்தேன், அவர் பேசற வட்டார வழக்கு எனக்குத் தெரியாது, எழுதினதை அவருக்குத் திரும்பத் தமிழ்ல படிச்சுக் காட்டவும் இல்லன்னு ஒரு பக்கம் எழுதி, என் அடையாள அட்டை காப்பியை வெச்சு கையெழுத்து போட்டேன். ஒரு டாக்டர் தழும்பைப் பார்த்து சர்டிஃபிகேட் குடுத்தார். முதுகுல, தொடையில, பாதத்துல. அந்த சர்டிஃபிகேட்டையும் நான்தான் தம்பிக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்ல வேண்டியிருந்துச்சு, அப்ப அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டார்.

அப்பீல் போறது மோந்த்ரேய்ல இருக்கற தேசிய அடைக்கல நீதிமன்றத்துக்கு, பாரிஸை ஒட்டி இருக்கு. நடுவுல கொரோனா, எல்லாம் நின்னு போச்சு. தம்பி அந்தக் காலம் எல்லாம் வேலை தேடிக்கிட்டே இருந்தார், ஆறு மாசம் கழிச்சு வேலை செய்ய அனுமதி கேக்கலாம்னு சட்டம் இருக்கு, ஆனா முதலாளிதான் அதுக்கு அப்ளை பண்ணணும், எந்த முதலாளி பண்ணுவார். வீட்டு வாசல் கூட்டி, கோயில்ல பாத்திரம் கழுவி, பொழுது போச்சு. அம்மாவுக்குப் போன் பண்ணினா எல்லாம் சரியாப் போகுதுன்னு மட்டும் சொல்வார்.

2021-ல விசாரணை வந்துச்சு, இங்க ஒரு ரூம்ல திரையைப் போட்டு, ஜட்ஜுங்க மோந்த்ரேய்ல. மூணு பேர் உக்காருவாங்க, அதுல ஒருத்தர் ஐநா அகதிகள் ஆணையம் நியமிச்சவர். மூணு தலை சேர்ந்து யோசிக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னிக்குப் பார்த்தேன், 2024 ஜனவரியில வந்த சட்டத்துக்கு அப்புறம் பொதுவா ஒரே ஜட்ஜ் பார்த்தா போதும்னு ஆக்கிட்டாங்க, எனக்கு அதை நினைச்சா வயித்தெரிச்சலா இருக்கு. ஏன்னா அன்னிக்கு அந்தக் கேள்வியைக் கேட்டது தலைவர் இல்ல, பக்கத்துல இருந்தவர். என் லெட்டரைக் கையில வெச்சுக்கிட்டு கேட்டார்: அன்னிக்கு நீங்க தமிழ்ல சொன்ன அந்த வார்த்தையை, அதே வார்த்தையை, இப்ப சொல்லுங்க.

தம்பி சொன்னார். கரைச்சல்.

இன்டர்ப்ரெட்டர் உடனே பிரெஞ்சுல ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் எடுத்துக்கிட்டு, இது ஒரு வார்த்தையில வராது, விளக்கலாமான்னு அனுமதி கேட்டுட்டு விளக்கினார். நான் பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தேன், பொது விசாரணைதான். மூணு பேரும் எழுதிக்கிட்டாங்க.

சில வாரம் கழிச்சு முடிவு வந்துச்சு. அகதி அந்தஸ்து குடுக்கல, துணைப் பாதுகாப்புன்னு சொல்ற அடுத்த படியைக் குடுத்தாங்க. 1951 ஜெனீவா ஒப்பந்தப்படி அகதின்னா இனம், மதம், தேசம், சமூகக் குழு, அரசியல் கருத்து, இந்த அஞ்சுல ஒரு காரணத்துக்காக ஆபத்துன்னு காட்டணும், அப்ப பத்து வருஷ கார்டு. அந்தக் காரணத்துல பொருந்தல, ஆனா திரும்பிப் போனா சித்திரவதைன்னு தெரியுதுன்னா துணைப் பாதுகாப்பு, நாலு வருஷ கார்டு. தமிழனாப் பிறந்து, அண்ணன் இயக்கத்துல இருந்ததுக்காக அடி வாங்கினவருக்கு அஞ்சு காரணத்துல எதுவும் பொருந்தலையாங்கறது எனக்கு இன்னிக்கும் புரியல, லாயருக்கும் புரியல. ஆனா தம்பி அந்தக் கார்டை வாங்கிட்டு வந்து எங்க மாமியார் கையில குடுத்து வாங்கிக்கிட்டார், பெரியவங்க கையால வாங்கணும்னு. இப்ப சேன் பியேர் பக்கம் ஒரு பேக்கரியில வேலை.

2022-லயும் படகு வந்துச்சு. அதுல சிலது டியேகோ கார்சியாவுலேருந்து வந்தது, 2021 அக்டோபர்ல 89 தமிழ் ஆளுங்க படகு பழுதாகி அந்த அமெரிக்க ராணுவத் தீவுல மாட்டினாங்களே, கூடாரத்துல மூணு வருஷம், அங்க நடந்தது சட்டவிரோதக் காவல்னு 2024 டிசம்பர்லதான் தீர்ப்பு வந்துச்சு. அந்தப் பக்கமா வந்தவங்களையும் பார்த்தேன். இப்ப நான் யாருக்கு எழுதினாலும் முதல்ல தமிழ்ல எழுதறேன், அவங்க பேசற தமிழ்லயே, அதைப் படிச்சுக் காட்டறேன், அப்புறம்தான் பிரெஞ்சு, அதையும் திரும்பத் தமிழ்ல சொல்லிக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்கறேன். மூணு மடங்கு நேரம் ஆகும். ஆம்பளைங்களுக்கு ஆம்பளை ஒருத்தரைக் கூட உக்கார வெக்கறேன். ஒரு நோட்டு போட்டு வார்த்தை சேர்த்துக்கிட்டு வர்றேன். வடிவா சொன்னான்னா அழகா சொன்னான்னு இல்ல, தெளிவா சொன்னான்னு அர்த்தம். கதைச்சனான்னா கதை விட்டேன்னு இல்ல, பேசினேன். இங்க இந்த வேலை செய்யற புதுச்சேரி, தமிழ்நாட்டு ஆளுங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா என்கிட்ட கேளுங்க, அந்த நோட்டை அனுப்பறேன். அதைவிட முக்கியம், அரசாங்கம் இதுக்கு காசு போட்டு ஈழத்தமிழ் தெரிஞ்ச இன்டர்ப்ரெட்டரை முதல் நாளே நேர்ல கொண்டாந்து உக்கார வெக்கணும். சார்ட்டர் விமானத்துக்கு காசு இருக்குல்ல.

நான் எழுதினது அஞ்சு பேருக்குன்னு சொன்னேன். தம்பி போக நாலு பேர். லாயர்கிட்ட சொல்லிட்டு வந்த அன்னிக்கே என்கிட்ட இருந்த காப்பியெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அதுல மூணுல அந்த வார்த்தை இருக்கு, ஆன்னுயி, ஆன்னுயி, ஆன்னுயி. அவங்க என்ன சொல்லி நான் அதை எழுதினேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. ஒருத்தருக்கு அதுக்குள்ள ஓஃப்ப்ராவே அந்தஸ்து குடுத்திருந்துச்சு, நல்லவேளை. ரெண்டாவது ஆளுக்கு அப்பீல் நடந்துக்கிட்டிருந்துச்சு, அவருக்கும் ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தேன், ஜெயிச்சார். மூணாவது ஆளுக்கு அப்பீலும் முடிஞ்சு போயிருந்துச்சு. மறுபரிசீலனை கேக்கலாமான்னு கேட்டேன். புதுசா ஏதாவது ஆதாரம் வேணும், எழுதினவங்க தப்பா எழுதினாங்கங்கறதை புது ஆதாரமா எடுத்துக்க வைக்கறது ரொம்ப கஷ்டம், ஆனாலும் முயற்சி பண்ணலாம், அவரை வரச் சொல்லுங்கன்னாங்க லாயர். அவர் போன் அணைஞ்சிருக்கு. கூட இருந்த பசங்களைக் கேட்டா, ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டார்ங்கறாங்க, எங்கன்னு தெரியல, ஒருத்தர் மொரீஷியஸ்ங்கறார், ஒருத்தர் ஊருக்கே திருப்பி அனுப்பிட்டாங்கங்கறார்.

அவருக்கான லெட்டரையும் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து போட்டு வெச்சிருக்கேன். வருஷா வருஷம் ஜனவரியில என் அடையாள அட்டை காப்பியை மட்டும் புதுசா மாத்தி வெக்கறேன்.